கோழிக்குக் கட்டியதும் மனிதருக்குக் கட்டியதும்



கோழிக்கு வியர்க்காது. அதன் தோலில் வியர்வைச் சுரப்பி கிடையாது. வெயில் ஏறினால் அலகைத் திறந்துகொண்டு மூச்சிரைக்கும்; உடம்புச் சூட்டை வெளியே தள்ள அதற்குத் தெரிந்த வழி அது. அப்படி இரைக்கும்போது ரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்பு படிவதற்கு அந்த வாயுவும் வேண்டும். விளைவு, ஓடு மெலிகிறது. தீனி எடுப்பது குறைகிறது, முட்டை சிறுக்கிறது, வெயில் இன்னும் முற்றினால் கோழியே சாய்கிறது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்காரர்கள் இதை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். பண்ணைக்காரருக்கோ யாரும் சொல்ல வேண்டியதில்லை. நேற்றைய வெயில் இன்று காலை அட்டையில் எத்தனை முட்டை என்ற கணக்கில் வந்து நிற்கும்.

பசுமைக் கட்டடம், துரித உணவகம் என்றெல்லாம் இந்தக் கல்லூரிச் சொற்பொழிவின் அழைப்பிதழில் போட்டுவிட்டுக் கோழியில் ஏன் தொடங்குகிறேன் என்று கேட்பீர்கள். இந்த நாமக்கல், சேலம் சமவெளியில் வெப்பத்துக்கு ஏற்பக் கட்டடம் கட்டும் அறிவு எங்கே இருக்கிறது என்று தேடினால் அது கோழிப்பண்ணையில்தான் இருக்கிறது. அந்தப் பண்ணையின் முட்டையையும் கோழியையும் வாங்கி விற்கிற நெடுஞ்சாலை உணவகத்தில் அந்த அறிவு இல்லை. இன்றைக்கு நான் பேச வந்தது இந்த ஒரு விஷயம்.

புதுச்சத்திரம் பக்கமோ மோகனூர் பக்கமோ ஒரு பழைய பண்ணையைப் பாருங்கள். கொட்டகையின் நீளவாக்கு கிழக்கு மேற்காகக் கிடக்கும். காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய இரண்டு முனைகளில் மட்டும் அடிக்கும். நீண்ட பக்கங்களுக்கு வருவது உச்சிவெயில்தான், அதையும் வெளியே நீண்ட இறவாரம் தடுத்துவிடும். அகலம் 30 அடிக்குள் இருக்கும், அதற்கு மேல் போனால் காற்று குறுக்கே கடந்து போகாது. பக்கச்சுவர் என்று ஒன்று இருக்காது, கம்பிவலைதான். கூண்டுகள் தரையிலிருந்து ஆள் உயரம் தூக்கி வைத்திருக்கும். கூரை முகட்டில் சூடான காற்று வெளியேற இடைவெளி விட்டிருப்பார்கள். சித்திரை வந்தால் கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பார்கள், தென்னங்கீற்று பரப்புவார்கள், தெளிப்பான் வைத்துக் கூரையை நனைப்பார்கள். பக்கத்துக் கொட்டகைக்கும் இதற்கும் போதிய இடைவெளி இருக்கும், ஒன்றின் வெக்கை மற்றதில் இறங்கக் கூடாது என்பதற்காக. கட்டடக்கலைக் கல்லூரியில் வெப்பநிலத்துக்கான வடிவமைப்பு என்று ஒரு பருவம் முழுக்க நடத்தும் பாடம் இதுதான். இங்கே அதை மேஸ்திரியும் பண்ணைக்காரரும் சேர்ந்து ஒரு சாயங்காலத்தில் பேசி முடித்துவிடுகிறார்கள்.

இனி நெடுஞ்சாலைக்கு வருவோம். நாமக்கல்லிலிருந்து சேலத்துக்குப் போகும் 44ஆம் எண் சாலை, பழைய கணக்கில் 7ஆம் எண் சாலை, ஏறக்குறைய நேர் வடக்காகப் போகிறது. இந்தச் சாலையோரத்தில் எது கட்டினாலும் அதன் முகம் கிழக்கு பார்க்கும் அல்லது மேற்கு பார்க்கும். வண்டியில் போகிறவர் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக உணவகத்தின் நீண்ட பக்கத்தைச் சாலையை நோக்கித் திருப்புகிறார்கள். அந்த நீண்ட பக்கம் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு மேலே அலுமினியப் பலகை ஒட்டிய எலிவேஷன். அதன் மேலே மொட்டைக் கான்கிரீட் தளம். முன்னால் நிழல் தரும் மரம் ஒன்றுகூட இல்லாத அரை ஏக்கர் வண்டி நிறுத்துமிடம். மேற்கு பார்த்த கடையில் நாலு மணிக்கு மேல் உட்கார்ந்திருப்பவர்கள் மேசையை மாற்றி மாற்றி உட்காருவதைப் பார்க்கலாம். பிறகு கடைக்காரர் கண்ணாடி முழுக்கச் சலுகை விளம்பரம் ஒட்டுகிறார், அல்லது திரையை இறக்கிவிட்டு உள்ளே விளக்கைப் போடுகிறார். வெளிச்சத்துக்காக வைத்த கண்ணாடியை மூடிவிட்டு விளக்குக்கு மின்கட்டணம் கட்டுகிறோம்.

கான்கிரீட் தளத்தின் குணம் ஒன்றையும் சொல்ல வேண்டும். பகலெல்லாம் அது வெயிலைக் குடித்துவைத்துக்கொள்ளும். அந்தச் சூடு உட்பக்கம் வந்து சேரப் பல மணி நேரமாகும். அதாவது இரவு ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை, கடையில் கூட்டம் நெரியும் நேரத்தில், தளம் தன் சரக்கை இறக்கும். கூரையில் சூரியத் தகடு போட்டிருந்தாலும் அந்த நேரத்தில் அது தூங்கிக்கொண்டிருக்கும்.

சூரியத் தகட்டைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், பொறியியல் மாணவர்கள் மனத்துக்குள்ளேயே சரிபார்க்கலாம். ஒரு கிலோவாட் தகட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி இடம் வேண்டும். அது நம் ஊர் வெயிலில் நாளுக்கு 4 யூனிட் தரும். 2000 சதுர அடிக் கூரையில் தண்ணீர்த் தொட்டி, புகைபோக்கி, ஏ.சி. வெளிப்பெட்டிகள் போக 15 கிலோவாட் போடலாம். நாளுக்கு 60 யூனிட். உள்ளே ஒன்றரை டன் ஏ.சி. பத்து ஓடினால், ஒவ்வொன்றும் மணிக்கு ஒன்றரை யூனிட் இழுத்தால், பத்து மணி நேரத்தில் 150 யூனிட். குளிர்பதனப் பெட்டி, பொரிக்கும் எந்திரம், விளக்கு எல்லாம் தனி. கூரைமேல் தகடு ஏற்றிவிட்டுப் பசுமை உணவகம் என்று பலகை மாட்டுகிறவர் கூரைக்குக் கீழே எவ்வளவு சூடு வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். வரும் சூட்டைப் பாதியாக்கினால் ஏ.சி. பாதியாகும், பிறகு தகடு பேசட்டும். வண்டி நிறுத்துமிடத்துக்கு மேலே தகட்டையே பந்தலாகப் போட்டால் கணக்கு இன்னும் மாறும். காருக்கும் நிழல், நமக்கும் மின்சாரம்.

இந்தக் கணக்கை உலகத்தின் பெரிய நிறுவனம் ஒன்று போட்டுப் பார்த்திருக்கிறது. மெக்டொனால்ட்ஸ் 2005இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து சவானா நகரில் ஒரு கடையைக் கட்டி, லீட் என்னும் பசுமைச் சான்றிதழில் தங்கத் தரம் பெற்றது. அதன்பின் பல நிறுவனங்கள் பல ஊர்களில் இப்படி ஒன்றிரண்டு கடைகளைக் கட்டின. இவற்றில் எனக்குச் சுவையாகப் படுவது 2020இல் ஃபுளோரிடாவில், ஆர்லாண்டோ பக்கத்து டிஸ்னி வேர்ல்டு வளாகத்தில், அதே மெக்டொனால்ட்ஸ் திறந்த கடை. ஓராண்டில் செலவாகும் அளவு மின்சாரத்தைத் தன் வளாகத்திலேயே உண்டாக்கிக்கொள்ளும்படி அதை வடிவமைத்தார்கள். ஃபுளோரிடா நம்மைப் போலவே வெயில் கொளுத்தும் பூமி, போதாததற்குப் புழுக்கமும் உண்டு. அங்கே என்ன செய்தார்கள்? கூரையை வெளியே வெகுதூரம் நீட்டினார்கள். பக்கச் சுவர்களில் சாய்தட்டி ஜன்னல்களை வைத்தார்கள். வெளிக்காற்றின் சூட்டையும் ஈரத்தையும் உணரும் கருவி அவற்றைத் திறந்து மூடுகிறது. காற்றோட்டமான திண்ணையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட இடம் போட்டார்கள். நீண்ட இறவாரம், திறந்த பக்கம், உள்ளே ஓடும் காற்று. படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் புதுச்சத்திரம் ஞாபகம் வந்தது. கருவி மட்டும் கூடுதல். நம் பண்ணையில் சாக்குத்திரையை ஏற்றி இறக்க ஒரு ஆள் இருப்பார்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். திருவனந்தபுரம் தம்பானூரில், ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் ஒட்டி, லாரி பேக்கர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. செங்கல்லால் ஆன சுருள் கோபுரம். நடுத்தண்டைச் சுற்றி ஒரு சாய்தளம் ஏறிக்கொண்டே போகிறது, அதன் ஓரமாக மேசையும் இருக்கையும் கட்டடத்தோடு கட்டடமாகக் கட்டியவை. வெளிச்சுவர் முழுக்கச் செங்கல்லை விட்டு விட்டு அடுக்கிய பொத்தல்கள். வெளிச்சம் வரும், காற்று வரும், வெயில் உள்ளே விழாது. பேருந்துக்கு நேரமாகிறது என்று ஓடி வருகிறவர்கள் மசால் தோசையோ கட்லெட்டோ தின்று, காபி குடித்துவிட்டு ஓடுகிறார்கள். துரித உணவகம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அங்கே குளிரூட்டி இல்லாதது ஒரு குறையென்று யாரும் எழுந்து போகவில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தம்பானூரில் உட்காருகிறவர் கால் மணி நேரத்தில் எழுந்துவிடுவார். இரண்டு மணி நேரம் காரில் 20 டிகிரியில் வந்து இறங்குகிறவர் திறந்த திண்ணையில் உட்கார மறுக்கலாம். 2024 ஏப்ரல் கடைசியில் சேலமும் ஈரோடும் கரூர் பரமத்தியும் 40 டிகிரியைத் தாண்டி நின்றபோது நானே மறுத்திருப்பேன். ஆகவே ஏ.சி. அறை ஒன்று இருக்கட்டும், சிறியதாக, கிழக்கு மேற்கு வெயில் படாத மூலையில். மீதி இடம் திண்ணையாக இருக்கட்டும். மார்கழியிலும் தையிலும், மழை பெய்த மாலைகளிலும், ஆண்டில் எத்தனை மாதம் இந்தச் சமவெளியில் ஏ.சி. தேவையே இல்லை என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம்.

தெரிந்திருந்தும் ஏன் இப்படிக் கட்டுவதில்லை? காரணம் அறியாமை என்று சொல்ல மாட்டேன். நெடுஞ்சாலையோரத்தில் நிலத்துக்காரர் ஒருவர், கடை நடத்துபவர் இன்னொருவர். நிலத்துக்காரர் கட்டிக் கொடுத்து வாடகை வாங்குகிறார். கூரைக்கு வெள்ளை ஓடு பதிக்கும் செலவு அவருடையது, அதனால் குறையும் மின்கட்டணம் வாடகைக்காரருடையது. தன் பணத்தைப் போட்டு அடுத்தவர் கட்டணத்தைக் குறைக்க யாருக்கும் கை வராது. வாடகைக்காரர் பெரிய நிறுவனமாக இருந்தால் அதன் வரைபடம் எங்கோ ஒரு தலைமையகத்தில் தயாராகி வரும். தில்லி ஓரத்துக்கும் சேலத்துச் சீலநாயக்கன்பட்டிக்கும் ஒரே முகப்பு. பண்ணையிலோ கொட்டகையும் பண்ணைக்காரருடையது, கோழியும் அவருடையது, நட்டமும் அவருடையது. அதனால்தான் அங்கே அறிவு வேலை செய்கிறது. வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் இது தீரும்: கூரைக்கும் நிழலுக்கும் ஆகும் செலவை நிலத்துக்காரர் போடுவது, மிச்சமாகும் மின்கட்டணத்தில் பாதியைச் சில ஆண்டுகளுக்கு வாடகையோடு சேர்த்து வாங்கிக்கொள்வது. கட்டடக்கலைஞரைவிட வழக்கறிஞர் இந்த இடத்தில் அதிகம் உதவுவார்.

சட்டமும் கொஞ்சம் தள்ளியே நிற்கிறது. எரிசக்தித் திறன் பணியகம் 2007இல் கொண்டுவந்த எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு, 100 கிலோவாட் இணைப்புச் சுமையோ 120 கே.வி.ஏ. ஒப்பந்தத் தேவையோ அதற்கு மேலோ உள்ள வணிகக் கட்டடங்களைத்தான் பிடிக்கும். சாலையோரக் கடைகளில் பெரும்பாலானவை இந்த வலையின் கண் வழியாக நழுவிவிடும். இந்தியப் பசுமைக் கட்டட மன்றம் 2001 முதல் இருக்கிறது, சான்றிதழும் தருகிறது. ஆனால் அது விரும்பிக் கேட்பவருக்கு. புள்ளி சேர்க்கும் அந்த முறையில் எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. மிதிவண்டி நிறுத்துமிடத்துக்கும் புள்ளி கிடைக்கும் என்றால், நால்வழிச் சாலையின் நடுவழியில் இருக்கும் கடைக்கு மிதிவண்டியில் வருபவர் யார்? சுவரில் பிளாஸ்டிக் புல்லை ஒட்டிவிட்டுப் பசுமை என்று படமெடுத்துப் போடுகிறவர்களை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

சமையற்கட்டுக்குள் போவோம். உணவகத்தின் உண்மையான கட்டடம் அதுதான், முன்னறை வெறும் வாசல். பொரிக்கும் எண்ணெய்க்கும் பரோட்டாக் கல்லுக்கும் மேலே புகை உறிஞ்சும் கூண்டு இருக்கும். அது வெளியே தள்ளுகிற காற்றுக்கு ஈடாக வேறு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். தனியாக வழி வைக்கவில்லை என்றால் சாப்பிடும் அறையிலிருந்து வரும். காசு கொடுத்துக் குளிர வைத்த காற்று அப்படியே அடுப்படி வழியாகப் புகைபோக்கியில் போய்விடும். ஒரு கடையில் இது நடக்கிறதா என்று கண்டுபிடிப்பது எளிது. வாசல் கதவைத் திறந்தவுடன் தெருக்காற்று நம் முதுகைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தால், அங்கே ஏ.சி. புகைபோக்கிக்காக ஓடுகிறது என்று பொருள். கூண்டுக்குப் பக்கத்திலேயே வெளிக்காற்று உள்ளே வரத் தனிக்குழாய் வைப்பது பெரிய செலவில்லை. ஆனால் கட்டும்போதே வைக்க வேண்டும்.

அந்த அடுப்புக்கு முன்னால் நிற்கும் பரோட்டா மாஸ்டரைப் பற்றிப் பசுமைச் சான்றிதழ்கள் அதிகம் பேசுவதில்லை. சாப்பிடும் அறையில் 24 டிகிரி, அடுப்படியில் என்ன என்று அளந்தவர் யார்? கோழி வெப்பத்தில் தவித்தால் மறுநாள் காலை முட்டை குறைகிறது, கணக்கில் தெரிகிறது. மாஸ்டர் தவித்தால் எந்த ஏட்டிலும் தெரியாது. அவர் வேலையை விட்டுப் போனால் இன்னொருவர் வருவார். தமிழ்நாடு அரசு 2021இல் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்றது. 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இரண்டும் நல்லவை. அடுப்படியில் வெப்பமானி ஒன்றை மாட்டு என்று மூன்றாவதாக ஒன்று வர வேண்டும். பண்ணைக் கொட்டகையில் வெப்பமானி தொங்குவதை நான் பார்த்திருக்கிறேன், உணவகச் சமையற்கட்டில் பார்த்ததே இல்லை.

தண்ணீருக்கு வருகிறேன். நம் பூமி கடினப்பாறைப் பூமி. நாடெங்கும் ஆழ்துளைக் கிணறு போடப் போகிற வண்டி திருச்செங்கோட்டு வண்டி என்பது நமக்குப் பெருமைதான், ஆனால் அந்தத் திறமை ஏன் இங்கே பிறந்தது என்று யோசித்தால் பெருமை கொஞ்சம் குறையும். ஆயிரம் அடி போயும் புகை மட்டும் வரும் நிலங்கள் இங்கே உண்டு. சேலத்துக்கு ஆண்டில் ஏறக்குறைய 1000 மில்லிமீட்டர் மழை, நாமக்கல்லுக்கு அதைவிடக் குறைவு. ஓர் ஏக்கர் வளாகத்தில் 1000 மில்லிமீட்டர் பெய்தால் 40 லட்சம் லிட்டர் விழுகிறது. மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. கூரைத் தண்ணீரைக் குழாயில் இறக்கிக் குழிக்குள் விட்டால் சட்டம் திருப்தியடையும். ஆனால் நெடுஞ்சாலை உணவகத்தில் கூரை சிறிது, வண்டி நிறுத்துமிடம் பெரிது. அந்தப் பெரிய இடத்தில் இடைவெளியே இல்லாமல் சிமெண்ட் கல் பதித்து, விழுந்த தண்ணீரைச் சாலையோரச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, டேங்கர் லாரிக்குப் போன் செய்கிறார்கள். துளையுள்ள கல்லோ, ஜல்லித் தரையோ, நாலு காருக்கு ஒரு புங்கன் அல்லது வேம்போ போதும். நால்வழிச் சாலைக்காக வெட்டிய புளியமரங்களைத் திருப்பி நடுவது அரசின் வேலை என்றாலும், வளாகத்துக்குள் மரம் வைப்பதை யாரும் தடுக்கவில்லை. போர்டு மறைகிறது என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். போர்டை உயர்த்துங்கள்.

கழிவுநீரில் எண்ணெய் தனிப் பிரச்சினை. எண்ணெயைப் பிரித்து நிறுத்தும் தொட்டி இல்லாமல் விட்டால் அது சாக்கடையை அடைக்கும், சேலத்தில் கடைசியில் திருமணிமுத்தாற்றில் சேரும். ஏற்கெனவே அந்த ஆறு படும் பாடு போதாதா? பொரித்த எண்ணெயில் சிதைவுப் பொருள் 25 சதவீதம் தாண்டினால் மறுபடி பயன்படுத்தக் கூடாது என்ற உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு பழைய எண்ணெயைத் திரட்டி உயிரி டீசல் ஆக்கும் திட்டமும் வந்தது. கட்டடத்தில் அதற்கென ஒரு பூட்டிய பீப்பாயும், அதை எடுக்க வரும் வண்டிக்கு ஒரு பின்வழியும் வைத்தால் விதி நடக்கும். இல்லாவிட்டால் அந்த எண்ணெய் வேறு ஏதாவது ஒரு சட்டிக்குள் போய்விடும். உணவுக் கழிவிலிருந்து எரிவாயு எடுப்பது நமக்குப் புதிதல்ல. இந்த வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகள் தங்கள் கழிவுநீரிலிருந்து வாயு பிடித்து எரித்துக்கொண்டிருக்கின்றன. உணவகம் ஒன்று தனியாகச் செய்தால் கட்டுப்படியாகாது. ஒரு சுங்கச்சாவடியைச் சுற்றியுள்ள எட்டுப் பத்துக் கடைகள் சேர்ந்தால் முடியும்.

சுவருக்கு என்ன வைப்பது என்று மாணவர்கள் கேட்பார்கள். மேட்டூர் அனல் மின் நிலையத்தின் சாம்பல் நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. சாம்பல் கல் சூளையில் வேகாதது. மண்ணும் விறகும் மிச்சம். கூரைக்கு வெள்ளை ஓடு, அல்லது பழைய முறையில் சுண்ணாம்பு. சங்ககிரியில் சுண்ணாம்புக்கல்லை வைத்துக்கொண்டு கூரையைக் கறுக்க விட்டிருக்கிறோம். இதில் பெரிய ரகசியம் ஏதுமில்லை, விரைவாகக் கடந்து போகிறேன்.

சேலத்துத் தட்டுவடை செட்டுக்காரரை இங்கே யாராவது நினைத்துக்கொண்டிருந்தால் அவருக்கும் ஒரு வார்த்தை. ஒரு தள்ளுவண்டி, ஒரு விளக்கு, பீட்ரூட்டும் கேரட்டும் துருவிய இரண்டு சட்டி, சட்னி. கட்டடமே இல்லை, ஆகவே கட்டடத்தின் பாவமும் இல்லை. இவரை முன்னுதாரணமாகக் காட்டிக் கைதட்டல் வாங்கலாம். எனக்கு மனம் வரவில்லை. கை கழுவத் தண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை, 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்த பிறகும் தட்டின்மேல் பாலித்தீன் தாள் விரிக்கும் வண்டிகளை இன்றும் பார்க்கிறோம். மாநகராட்சி ஒரு மரத்தடியில் மேடை, குழாய், கழிப்பறை, குப்பைத் தொட்டி கட்டி, இருபது வண்டிகளை அங்கே நிறுத்தினால் அதுவே இந்த நகரத்தின் மிகச் சிறந்த பசுமை உணவகமாக இருக்கும். அதற்குச் சான்றிதழ் கேட்டு யாரும் விண்ணப்பிக்க மாட்டார்கள் என்பதால் அது நடக்காமலே இருக்கிறது.

கடைசியாக, கட்டடவியல் துறைக்கு ஒரு வேலை. ஏப்ரல் மாதத்தில் ஒரு கோழிப்பண்ணையையும், அதே சாலையில் ஒரு உணவகத்தையும் தேர்ந்தெடுங்கள். கொட்டகைக்குள் ஒரு கருவி, சாப்பிடும் அறையில் ஒன்று, சமையற்கட்டில் ஒன்று. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் ஒரு மாதம் பதிவு செய்யுங்கள். கூடவே மின்கட்டண ரசீதையும் வாங்குங்கள். ஆண்டு மலரில் போடுங்கள். பண்ணைக்காரர் உடனே சம்மதிப்பார், அவருக்கே அந்த எண்கள் வேண்டும். சாப்பிடும் அறைக்கு உணவகக்காரரும் சம்மதிப்பார். சமையற்கட்டுக்குத்தான் தயங்குவார்; அதற்குக் கல்லூரி முதல்வர் அவர்கள் கல்லூரியின் பெயரில் ஒரு கடிதம் தர வேண்டும், கடையின் பெயரை வெளியிட மாட்டோம் என்ற உறுதியோடு. கருவிகளின் செலவை இந்தச் சொற்பொழிவுக்கு எனக்குத் தரும் மதிப்பூதியத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.